ஒரு குட்டிக்குப் பதினேழு ஆண்டுகள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "அப்பா, மிருகக்காட்சி சாலைக்குப் போவோம்" என்பார்கள். நாமும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேனைப் பிடித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, 1963-ஆம் ஆண்டு முதல் உலு கிள்ளானில் இருந்து வரும் தேசிய மிருகக்காட்சி சாலைக்குப் போய் வருகிறோம். யானையைப் பார்க்கிறோம், புலியைப் பார்க்கிறோம், குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறோம். மாலையில் களைத்துப்போய் வீடு திரும்புகிறோம்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் மிருகத்துக்கும் காய்ச்சல் வரும், வயிறு வலிக்கும். அதுவும் பிள்ளை பெற வேண்டும், பெற்ற பிள்ளை பிழைக்க வேண்டும். காட்டில் அதன் இனம் அருகிப் போய்விட்டால், கூண்டுக்குள் பிறக்கும் ஒரு குட்டி அந்த இனத்துக்கே வாரிசு ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு மிருகத்தின் கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அது தூர தேசத்து மிருகம் அல்ல. நம் நாட்டுக் காட்டில், நாம் வேலை செய்த தோட்டங்களின் ஓரத்தில் நடமாடிய மிருகம். இன்று நம் நாட்டில் அது ஒன்றுகூட இல்லை.

பாடாக் என்னும் பாவப்பட்ட ஜீவன்

மலாய்க்காரர்கள் "பாடாக்" என்று சொல்லும் காண்டாமிருகத்தைத்தான் சொல்கிறேன். உலகில் ஐந்து வகைக் காண்டாமிருகங்கள் உண்டு. அவற்றில் ஆகச் சிறியது சுமத்ரா காண்டாமிருகம். உடம்பெல்லாம் செம்பட்டை மயிர். மூக்கின் மேல் இரண்டு கொம்பு. சிறியது என்றதும் ஆட்டுக்குட்டி அளவு என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்தது ஐந்நூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும். கூட்டமாக வாழாது. தன்னந்தனியாக அடர்ந்த காட்டில் திரிந்து, இலை தழைகளைத் தின்று, பகலில் பெரும்பாலும் சேற்றில் புரண்டு கிடக்கும். சேறுதான் அதற்குச் சட்டை, குடை, மருந்து எல்லாம். வெயிலும் ஈயும் அதன் தோலைத் தொடாமல் காப்பது அந்தச் சேறுதான்.

இந்த மிருகத்துக்கு எமனாக வந்தது அதன் கொம்பு. அதை அரைத்துக் குடித்தால் காய்ச்சல் தீரும், இன்னும் என்னென்னவோ தீரும் என்று ஒரு நம்பிக்கை. காண்டாமிருகத்தின் கொம்பு எதனால் ஆனது தெரியுமா? நம் நகமும் தலைமயிரும் எதனால் ஆனவையோ அதே பொருளால் ஆனது. வெட்டிப் போட்ட நகத்தை அரைத்துக் குடித்தால் என்ன பலனோ, அதே பலன்தான் இதற்கும். அந்தப் பலனில்லாத மருந்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அதைக் கொன்றார்கள். மிச்சம் இருந்தவற்றின் காட்டை நாம் மரம் வெட்டியும், ரப்பர் நட்டும், செம்பனை நட்டும் துண்டு துண்டாக்கினோம். நாம் என்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். திட்டம் போட்டவர்கள் வேறு, லாபம் கண்டவர்கள் வேறு. நம் பாட்டன்மார் கையில் இருந்தது பாராங்கத்தி மட்டும்தான். ஆனாலும் அந்தக் காட்டை வெட்டிய கைகளில் நம்மவர் கையும் இருந்ததை மறுக்க முடியாது.

1984-இல் எடுத்த முடிவு

1984-இல் சிங்கப்பூரில் வனவிலங்கு அறிஞர்கள் ஒன்றுகூடினார்கள். காட்டில் தனித்தனியே சிதறிக் கிடக்கும் காண்டாமிருகங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே செத்துப்போகும். அவற்றைப் பிடித்து, பத்திரமான இடத்தில் வைத்து, இனம் பெருக்குவோம் என்று முடிவு செய்தார்கள். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுதான். 1984-க்கும் 1996-க்கும் இடையே மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சுமார் 40 காண்டாமிருகங்களைப் பிடித்தார்கள். சில மலாக்கா மிருகக்காட்சி சாலைக்குப் போயின. சில சிலாங்கூரில் சுங்கை டூசுன் என்ற இடத்துக்குப் போயின. சில சபாவில் வைக்கப்பட்டன. இன்னும் சில இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன.

1987-இல் மலாக்காவில் ஒரு பெண் குட்டி பிறந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதன் தாய் பிடிபடும்போதே காட்டில் கருவுற்றிருந்தது. கூண்டுக்குள் இணை சேர்ந்து கருத்தரித்த குட்டி ஒன்று இதற்கு முன் பிறந்ததாகச் சொல்லப்படுவது 1889-இல், கல்கத்தா மிருகக்காட்சி சாலையில். ராம் பிரம்ம சன்யால் என்ற வங்காளி அப்போது அங்கே மேற்பார்வையாளராக இருந்தார். மிருகங்களைக் கூண்டில் வளர்க்கும் முறை பற்றி 1892-லேயே ஒரு நூல் எழுதி வைத்த மனிதர். அவருடைய காலத்துக்குப் பிறகு, நூறு ஆண்டுகள் கடந்தும் யாராலும் அதைச் செய்ய முடியவில்லை.

பிறக்காதது மட்டுமல்ல, பிடித்து வைத்தவை ஒவ்வொன்றாகச் சாகவும் தொடங்கின. அமெரிக்காவுக்குப் போனவை ஏழு. 1997 வாக்கில் மிஞ்சியவை மூன்றே மூன்று. ஓர் ஆண், இரண்டு பெண்.

ஏன் இப்படி ஆயிற்று?

சோறு தெரியாமல் போட்ட சோறு

முதல் தவறு தீனியில் நடந்தது. காண்டாமிருகம்தானே என்று மற்ற மாடு குதிரைகளுக்குப் போடுவது போலக் காய்ந்த புல்லைப் போட்டார்கள். ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்தில் ஒரு வகை புல் மேயும், இது மேயாது. இது இலை தின்னும் பிராணி. காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட செடி கொடி மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ வரை தின்னும். அமெரிக்காவில் சின்சினாட்டி நகர மிருகக்காட்சி சாலையில் இருந்த இப்பூ என்ற ஆண் காண்டாமிருகம் எழுந்திருக்க முடியாமல் சாகக் கிடந்தது. பராமரிப்பாளர் ஒருவரின் யோசனைப்படி அத்தி இனத்து மரங்களின் பச்சை இலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்பூ தின்றது, தேறி எழுந்தது. அதற்குப் பிறகு அந்த இலையை சான் டியாகோவிலிருந்து விமானத்தில் வரவழைத்துப் போட்டார்கள்.

நம் வீட்டுக்கு வரும் மருமகளுக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுத்தானே சமைக்கிறோம்? காட்டிலிருந்து கொண்டுவந்த ஜீவனிடம் அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். கேட்டால் அது வாய் திறந்து சொல்லாதுதான். ஆனால் அது போட்டதைத் தின்னாமல் கிடந்ததே, அதுதான் அதன் பதில்.

கர்ப்பப்பையின் கதை

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. ஆணையும் பெண்ணையும் ஒரே கொட்டகையில் விட்டால் குட்டி பிறந்துவிடும் என்பது ஆடு கோழிக்குச் சரி. தனியாகவே வாழ்ந்து பழகிய இந்த மிருகம், வேளை தெரியாமல் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று முட்டி மோதிக் காயப்படுத்திக்கொள்ளும். பெண்ணுக்குப் பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை சுற்றி வரும். அதிலும் ஆணைக் கிட்டே சேர்ப்பது ஒரே ஒரு நாள் அளவுக்குத்தான். அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடியும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

1996-இல் சின்சினாட்டிக்கு வந்தவர் டெர்ரி ரோத் என்ற பெண் விஞ்ஞானி. எமி என்ற பெண் காண்டாமிருகத்தை ஸ்கேன் செய்து செய்து பார்த்தார். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் செய்கிறார்களே, அதே மாதிரி ஸ்கேன்தான். இரத்தத்திலும் பரிசோதனை நடந்தது. அதில்தான் அதுவரை யாரும் அறியாத ஓர் உண்மை வெளிவந்தது: இந்த இனத்துப் பெண்ணுக்கு, ஆணோடு சேர்ந்தால்தான் கருமுட்டை வெளியாகும். சேராவிட்டால் முட்டை வெளியேறாமலே பருவம் கழிந்து போகும்.

சரியான நாளைக் கண்டுபிடித்து இப்பூவையும் எமியையும் சேர்த்தார்கள். எமி கருவுற்றது. ஆனால் கரு நிலைக்கவில்லை. மறுபடி கருவுற்றது, அதுவும் கலைந்தது. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து முறை!

இந்த இடத்தில் சற்று நிறுத்திச் சொல்கிறேன், சகோதரிகளே. நம்மிடையே ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை கரு கலைந்தால் போதும், அடுத்த வீட்டுக்காரி வாய்க்கு அவல் கிடைத்துவிடும். "ராசியில்லாதவள்" என்பார்கள், அதைவிடக் கொடுமையான வார்த்தையும் சொல்வார்கள். அந்த விஞ்ஞானி எமியைப் பார்த்து அப்படிச் சொல்லி ஒதுக்கிவிடவில்லை. "இதற்கு என்ன குறைகிறது? நாம் எதைக் கொடுக்கவில்லை?" என்று கேட்டார். ஆறாவது முறை கருவுற்றபோது, கருவைத் தாங்கி நிற்கும் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தினமும் வாய் வழியே கொடுத்து வந்தார்கள். பசுமாடு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேலே சுமக்கிறது. இந்தக் காண்டாமிருகம் பதினைந்து மாதத்துக்கும் மேலே சுமக்கும். எமி 475 நாள் சுமந்தது.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் ஓர் ஆண் குட்டி பிறந்தது. 1889-க்குப் பிறகு, 112 ஆண்டுகள் கழித்து! சுமத்ராத் தீவின் பழைய பெயரான "அண்டாலாஸ்" என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 1984-இல் சிங்கப்பூரில் எடுத்த முடிவுக்கு 2001-இல்தான் பலன் கிடைத்தது. ஒரு குட்டிக்குப் பதினேழு ஆண்டுகள். எமி அதன்பின் 2004-இல் சுச்சி என்ற பெண் குட்டியையும், 2007-இல் ஹராப்பான் என்ற ஆண் குட்டியையும் ஈன்றது. "ஹராப்பான்" என்றால் நம்பிக்கை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டில் நடந்தது

அங்கே தொட்டில் கட்டியபோது இங்கே என்ன நடந்தது? இங்கே இழவு விழுந்தது.

சுங்கை டூசுனில் இருந்த காண்டாமிருகங்கள் ஐந்து, 2003-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மாண்டன. சர்ரா என்ற நோய் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். இரத்தத்தில் வாழும் ஒரு நுண்கிருமியால் வருவது அந்த நோய். மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், மாட்டைக் கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈ ஒன்று உண்டே, அது ஒரு பிராணியைக் கடித்துவிட்டு அடுத்ததைக் கடிக்கும்போது அந்தக் கிருமியையும் கொண்டு சேர்க்கும். மாடும் எருமையும் வெளியே நோய் தெரியாமலே கிருமியைச் சுமந்து நிற்கக்கூடும். பல ஆண்டுப் பாடு சில வாரத்தில் பாழாயிற்று. அடைத்து வைத்துக் காப்பதில் இதுதான் ஆபத்து: எல்லா உயிரையும் ஒரே இடத்தில் வைத்தால், ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டு போய்விடும்.

அடுத்து சபாவின் கதை. 2008-இல் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் ஓர் ஆண் காண்டாமிருகம் தானாகவே வந்து நின்றது. காலில் கண்ணியால் ஏற்பட்ட காயம். அதற்குத் தாம் என்று பெயர். 2011-இன் கடைசியில் ஒரு பெண் பிடிபட்டது. அதற்கு முன்னங்கால் ஒன்றில் பாதம் இல்லை. குட்டியாக இருந்தபோது கண்ணியில் சிக்கி இழந்திருக்க வேண்டும். அதனால் "புந்தோங்" என்று பெயர். துண்டாகிப்போனது என்று பொருள். 2014-இல் ஈமான் என்ற இன்னொரு பெண் கிடைத்தது.

ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் கிடைத்தும் பயன் இல்லை. புந்தோங்கின் கருப்பையில் நீர்க்கட்டிகள். ஈமானின் கருப்பையில் சதைக்கட்டிகள். இந்த இனத்துப் பெண் நெடுங்காலம் இணை சேராமலும் ஈனாமலும் இருந்தால், பருவம் வந்து வந்து வீணே கழிந்து, கருப்பையில் இத்தகைய கட்டிகள் வளர்கின்றன. காட்டில் துணை இல்லாமல் தனியே திரிந்ததன் விளைவு அது. தாமின் விந்தும் வலுவற்றிருந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து, பெண்ணிடமிருந்து முட்டையை எடுத்துச் சோதனைக் கூடத்தில் கரு உண்டாக்கப் பாடுபட்டார்கள். கைகூடவில்லை.

2015-இல், நம் நாட்டுக் காடுகளில் இந்த இனம் இனி இல்லை என்று அறிவித்தார்கள். புந்தோங்குக்குப் புற்றுநோய் வந்து, வலி தாங்காமல் தவித்ததால், 2017 ஜூனில் ஊசி போட்டு அமைதியாகக் கண்மூட வைத்தார்கள். தாம் 2019 மே 27-இல் இறந்தது. கடைசியாக இருந்த ஈமான் அதே ஆண்டு நவம்பர் 23-இல் கண் மூடியது. அன்றோடு மலேசிய மண்ணில் பாடாக்கின் கதை முடிந்தது. அவற்றின் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் குளிரூட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து என்றாவது ஓர் உயிர் எழுமா என்பது விஞ்ஞானத்தின் கையில் இருக்கிறது.

கூண்டு நல்லதா, கெட்டதா?

"பிடித்து அடைத்துக் கொன்றுவிட்டார்களே, காட்டிலேயே விட்டிருக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நம் காட்டில் விட்டு வைத்தவையும் பிழைக்கவில்லையே! கண்ணியிலும் துப்பாக்கியிலும் அவையும் போய்விட்டன. கூண்டு வைத்ததைவிட, அந்த மிருகத்தைப் பற்றிய அறிவு வருமுன் கூண்டு வைத்ததே பிழை என்பது என் எண்ணம்.

கற்ற பாடம் வீண் போகவில்லை. அண்டாலாஸை 2007-இல் அமெரிக்காவிலிருந்து சுமத்ராவின் வாய் கம்பாஸ் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கம்பிக்கூண்டு இல்லை. இயற்கைக் காட்டையே வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். நிழல் உண்டு, சேறு உண்டு, அவை தின்னும் இலை உண்டு. அதன் தம்பி ஹராப்பானும் 2015-இல் வந்து சேர்ந்தது. அங்கே 2012-இல் ஒன்று, 2016-இல் ஒன்று, 2022-இல் ஒன்று, 2023-இல் இரண்டு என்று ஐந்து குட்டிகள் பிறந்தன. 2022-இல் ஈன்ற ரோசா என்ற தாயும் எமியைப் போலவே பல முறை கருவை இழந்த தாய்தான்.

மிருகத்தின் ஆரோக்கியம் வேறு, அது வாழும் இடம் வேறு அல்ல. எமி 2009-இலும் அதன் மகள் சுச்சி 2014-இலும் இறந்தன. உடம்பில் இரும்புச் சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்ததே அவற்றைத் தாக்கிய நோய். காட்டுத் தழைகளில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பை அதிகம் சேரவிடாமல் தடுக்கும் என்கிறார்கள். எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் காடு கொடுக்கும் சாப்பாட்டுக்கு ஈடு கொடுப்பது எளிதல்ல. உலகம் முழுவதும் சேர்த்தாலும் இன்று இந்த இனத்தில் ஐம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவை எல்லாம் இருப்பது இந்தோனேசியாவில்.

நாம் செய்யக்கூடியது

"இதெல்லாம் அரசாங்கமும் விஞ்ஞானியும் பார்க்க வேண்டியது, எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நான்கு காரியம் நம் கையில் இருக்கிறது.

முதலாவது, கண்ணி. மலாயில் ஜெராட் என்போம். காட்டுப் பன்றிக்கென்று தோட்ட ஓரத்தில் கம்பிக் கண்ணி வைக்கும் பழக்கம் நம்மவர் சிலரிடமும் உண்டு. கம்பிக்கு எது பன்றி, எது புலி, எது காண்டாமிருகம் என்று தெரியாது. புந்தோங்கின் பாதத்தை எடுத்ததும் தாமின் காலைக் காயப்படுத்தியதும் அப்படிப்பட்ட கண்ணிதான். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் தீபகற்பத்தில் கண்ணியைத் தடை செய்கிறது. வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக வைத்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

இரண்டாவது, காட்டு மிருகம் தோட்டத்துக்குள் வந்தால் கூட்டம் கூடி விரட்டாதீர்கள். கல் எறியாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி வனவிலங்கு இலாகாவுக்குத் தகவல் கொடுங்கள். அது நம்மைத் தேடி வரவில்லை. போன காட்டைத் தேடி வந்திருக்கிறது.

மூன்றாவது, மருந்து என்ற பெயரில் கொம்பு, பல், நகம், பித்தம் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவன் இருக்கும்வரை கொல்கிறவன் இருப்பான்.

நான்காவது, மிருகக்காட்சி சாலைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கண்காணியுங்கள். கச்சான் கொட்டையும் ரொட்டியும் கூண்டுக்குள் எறிய விடாதீர்கள். தப்பான தீனி ஒரு பெரிய மிருகத்தையே படுக்க வைத்த கதையை இப்போது படித்தீர்கள் அல்லவா? கண்ணாடியைத் தட்டுவதும், கூச்சல் போடுவதும் வேண்டாம். உள்ளே ஒரு தாய் கருவைச் சுமந்து கொண்டிருக்கலாம், நமக்குத் தெரியாது.

இந்த விடுமுறையில் போனால், பிள்ளைகளைப் புலிக் கூண்டின் முன் சற்று நேரம் நிற்க வைத்து, பாடாக்கின் கதையைச் சொல்லுங்கள். 2022-இல் வெளியான கணக்கின்படி நம் நாட்டுக் காட்டில் புலிகளும் 150-க்கும் குறைவுதான். பாடாக்குக்கு நேர்ந்தது புலிக்கும் நேரக் கூடாது. நம் பாட்டன்மார் பார்த்த மிருகத்தை நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். நாம் பார்க்கும் மிருகத்தையாவது நம் பேரப்பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.